குதிரைக்குத் தண்ணீர் காட்டியவன்

சரித்திர நாவல் எழுதுகிறவனுக்குக் குதிரை ஒரு பெரிய வசதி. ஓர் அத்தியாயத்தின் கடைசி வரியில் கதாநாயகன் அதன்மேல் தாவி ஏறினால் போதும். அடுத்த அத்தியாயத்தின் முதல் வரியில் அவனை எந்தக் கோட்டை வாசலில் வேண்டுமானாலும் இறக்கி விட்டுவிடலாம். நடுவே கிடக்கும் காடு, ஆறு, மேடு, பள்ளம் எல்லாவற்றையும் அந்த வாயில்லா ஜீவன் பார்த்துக்கொள்ளும். இந்த வசதியை நானும் கணக்கில்லாமல் அனுபவித்தவன்தான். என் கதைகளில் குதிரைகள் புழுதியைக் கிளப்பியிருக்கின்றன; கனைத்திருக்கின்றன; எஜமானனுக்கு ஆபத்து என்றால் காதுகளை விடைத்துக்கொண்டு எச்சரித்திருக்கின்றன. ஒன்றாவது ஒரு வாய் கொள்ளு தின்றதாக எனக்கு ஞாபகம் இல்லை.

இந்தக் குறையை எனக்கு எடுத்துக் காட்டியவர் விமரிசகர் அல்ல. மரக்காணத்து உப்பளங்களுக்கு அருகே, ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர்.

மரக்காணத்துக்கு நான் போனது வேறு வேலையாக. சிறுபாணாற்றுப்படையில் வருகிற எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்பது அறிஞர் பலருடைய கருத்து. ஓய்மா நாட்டை ஆண்ட நல்லியக்கோடனுடைய கடற்கரைப் பட்டினம் அது. கிரேக்க மாலுமி ஒருவன் எழுதிவைத்த 'பெரிப்ளூஸ்' என்னும் கடற்பயண நூலில் சோபட்மா என்று ஒரு துறைமுகம் வருகிறதே, அதையும் இங்கேயே கொண்டுவந்து நிறுத்துகிறவர்கள் உண்டு. அந்தப் பட்டினத்தை வைத்து ஒரு தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். வர்ணனைக்கு நாலு விஷயம் கிடைக்காதா என்ற ஆசையில் மாசி மாதத்து விடியற்காலை ஒன்றில் பஸ்ஸை விட்டு இறங்கினேன்.

வர்ணனைக்குப் பஞ்சம் இல்லை. கிழக்கே கடல், மேற்கே கழுவேலி ஏரியின் பரந்த நீர், இரண்டுக்கும் நடுவே கண்ணுக்கு எட்டிய வரை பாத்தி பாத்தியாக உப்பளம். சூரியன் முளைத்ததும் ஒவ்வொரு பாத்திக்குள்ளும் ஒரு சூரியன் முளைத்தது. வரப்பின்மேல் உப்புக் குவியல்கள் சின்னச் சின்னக் கோபுரங்களாக வரிசை பிடித்து நின்றன. பலகையால் உப்பை வாரிக் கரையேற்றிக்கொண்டிருந்த பெண்கள் இந்த அழகையெல்லாம் ஏறிட்டும் பார்க்கவில்லை. அவர்களுக்குக் கண் கூசும், கால் வெடிக்கும், அவ்வளவுதான். ராஜராஜன் காலத்திலிருந்தே இங்கு அளம் உண்டு. ஊருக்குள் இருக்கும் பூமீசுவரர் கோவில் கல்வெட்டுக்கள் அதற்குச் சாட்சி.

கண் கூசியவனாய் டீக்கடையில் ஒதுங்கியபோதுதான் அந்தப் பெரியவர் பேச்சுக் கொடுத்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒல்லியான சரீரம். கடைக்காரர் யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு என்னை அவருக்கு அறிமுகம் செய்து வைத்திருந்தார்.

"அந்தத் தொடர்கதை எழுதறது ஐயாதானுங்களா?"

ஒப்புக்கொண்டேன்.

"பேத்தி படிச்சுக் காட்டும். நல்லாத்தான் இருக்குது. ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுங்கள்."

"இங்கேருந்து செஞ்சிக்கு ராவோட ராவா நாலு கால் பாய்ச்சல்லே போயிட்டு, கோழி கூவறதுக்குள்ளே திரும்பிட்டான்னு எழுதியிருக்கீங்களே, அந்தக் குதிரைக்குத் தண்ணி காட்டினது யாருங்க?"

டீக்கடையில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

மரக்காணத்திலிருந்து திண்டிவனம் வழியாகச் செஞ்சிக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். போக வர 120. இந்தத் தூரத்தை என் கதாநாயகன் அரை அத்தியாயத்தில் கடந்திருந்தான். பந்தயக் குதிரை நாலு கால் பாய்ச்சலில் 2400 மீட்டர் ஓடினால் நீண்ட ஓட்டம் என்பார்கள். இரண்டரை நிமிஷத்தில் முடிந்துவிடும். முடிந்ததும் அதன் விலா துருத்தியாக அடித்துக்கொள்ளும். அதை உடனே நிறுத்தக்கூடாது, நடக்கவிட வேண்டும். உடம்பின் சூடு தணியத் தணியத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்ட வேண்டும். பெரியவர் இதையெல்லாம் சொன்ன மாதிரியிலிருந்து இவர் உப்பளத்தில் வளர்ந்தவர் மட்டும் அல்ல என்று ஊகித்தேன். ஊகம் சரி. பதினெட்டு வயதில் சென்னைக்குப் போய், கிண்டி குதிரைப் பந்தய லாயம் ஒன்றில் இருபது வருஷத்துக்கு மேல் குதிரைக்காரராக இருந்தவர்.

அன்று நான் எயிற்பட்டினத்தை மறந்துவிட்டேன். மத்தியானம் வரை அந்தப் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.

அவருடைய பேச்சில் ஜாக்கிகள் அதிகம் வரவில்லை. குதிரைச் சொந்தக்காரர்களும் வரவில்லை. பந்தயத்தில் கட்டிய பணம், போன பணம் என்ற பேச்சே இல்லை. வந்தவர் ஒரே ஒருவர். லாயத்தின் டிரெய்னர். குதிரையைப் பழக்குகிறவர். ஆனால் பழக்குவது என்றால் என்ன?

விடியற்காலை நாலு மணிக்கு டிரெய்னர் லாயத்துக்கு வருவாராம். குதிரையை முதலில் பார்க்கமாட்டார். தீனித் தொட்டியைப் பார்ப்பார். ராத்திரி வைத்த ஓட்ஸில் எவ்வளவு மிச்சம்? ஒரு பிடி மிச்சம் இருந்தாலும் அன்றைக்கு அந்தக் குதிரைக்கு ஓட்டம் கிடையாது. அப்புறம் குனிந்து, முன்னங்கால்களில் முழங்காலுக்குக் கீழே பின்புறமாக ஓடும் நரம்பைப் புறங்கையால் தடவுவார். உள்ளங்கை வேலை செய்து காய்த்துப் போயிருக்கும், சூடு தெரியாது. புறங்கைக்குத் தெரியும். ஒரு காலைவிட இன்னொரு கால் துளி சூடாக இருந்தால் போதும், ஆறு வாரத்து வேலையை நிறுத்திவிடுவார். உஷ்ணமானி வைத்துப் பார்ப்பார். 100 டிகிரி பாரன்ஹீட்டை ஒட்டி இருந்தால் சரி. இத்தனையும் ஆன பிறகுதான் சேணம்.

"அவுரு குதிரைகிட்டே பேசமாட்டாருங்க. குதிரை பேசறதைக் கேப்பாரு" என்றார் பெரியவர்.

இரண்டு வயசுக் குட்டி பண்ணையிலிருந்து வரும்போது அதற்கு உலகமே பயம். வாயில் இரும்பு வைப்பது ஒரு வாரம். நீண்ட கயிற்றில் கட்டி வட்டமாகச் சுற்றவிடுவது சில வாரம். முதுகில் வெறும் துணி, அப்புறம் சேணம், அப்புறம் ஒரு பையன் குறுக்கே குப்புறப் படுத்துக்கொள்வான், உட்காரமாட்டான். முதுகில் ஒரு கனம் இருக்கலாம், அதனால் உயிர் போகாது என்று குட்டிக்குத் தெரிய வேண்டும் அல்லவா? பிறகு நடை, சவாரி, மெல்லோட்டம், கடைசியில் ஓட்டம். ஓட்டத்தை ஃபர்லாங் ஃபர்லாங்காகக் கடிகாரம் பிடித்து அளப்பார்கள். ஒரே பண்ணையில் ஒரே வருஷம் பிறந்த இரண்டு குட்டிகளுக்கு ஒரே வேலை ஒத்துக்கொள்ளாது. ஒன்றுக்கு ஓட ஓடத் தெம்பு வரும். மற்றொன்று நாலு தடவை விரட்டினால் மனசு விட்டுப் போகும், தொட்டியில் தீனி அப்படியே கிடக்கும். எது எப்படி என்று அறிவதில்தான் ஒரு டிரெய்னருடைய சோறு இருக்கிறது.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு நளன் ஞாபகம் வந்தது. ஒரே நாளில் நூறு யோசனை போக வேண்டும் என்று ருதுபர்ணன் கேட்டபோது, வாகுகன் என்ற பெயரில் தேர்ப்பாகனாக ஒளிந்திருந்த நளன் லாயத்துக்குள் போய் மெலிந்த குதிரைகளாகப் பொறுக்கிக்கொண்டு வருகிறான். அரசனுக்குக் கோபம், இந்த எலும்புக்கூடுகளா ஓடும் என்கிறான். கொழுத்திருப்பது வேறு, ஓட்டத்துக்குத் தயாராக இருப்பது வேறு என்று அந்தக் கதையை முதலில் சொன்னவனுக்குத் தெரிந்திருக்கிறது. எந்த நாவலாசிரியனிடமிருந்தும் அல்ல, ஏதோ ஒரு லாயத்திலிருந்து அவன் அதைக் கற்றிருக்க வேண்டும்.

சங்கப் புலவர்களும் இந்த மனிதனை மறந்தவர்கள் அல்லர். போர் முடிந்து ஊர் திரும்பும் தலைவன் அகப்பாட்டுக்களில் வலவனிடம்தானே மனம் விட்டுப் பேசுகிறான்? நிகண்டுகள் குதிரைப்பாகனுக்கு 'வாதுவன்' என்று தனிச்சொல்லே கொடுக்கின்றன. காரி, ஓரி என்ற வள்ளல்களின் குதிரைகளுக்கும் காரி, ஓரி என்றே பெயர் என்று சிறுபாணாற்றுப்படை சொல்கிறது. ஆளையும் குதிரையையும் ஒரே பெயரால் அழைத்த காலம்.

குதிரை நம் மண்ணுக்கு உரியது அல்ல. அது கடல் வழியாக வந்தது. காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பலிலிருந்து இறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை சொல்கிறது. அதே புலவர் பாடிய பெரும்பாணாற்றுப்படையிலோ தொண்டைமானின் நீர்ப்பெயற்று என்னும் துறையில் வெண்மையான பிடரி மயிர் கொண்ட குதிரைகள் இறங்குகின்றன. அந்தத் துறை மரக்காணத்துக்கு வடக்கே இதே கடற்கரையில் இருந்தது. அலையில் ஆடி ஆடி, கால் மரத்து, வயிறு கட்டிப்போய் இறங்குகிற பிராணியைக் கரையில் யாரோ ஒருவன் கயிறு பிடித்து வாங்கியிருக்கிறான். கெட்டித் தரை கண்டதும் அது மிரண்டிருக்கும். அவன் தட்டிக் கொடுத்திருப்பான். அவனைப் பற்றி ஒரு வரி கிடைக்காதா என்று அப்புறம் வீட்டில் உட்கார்ந்து புத்தகங்களைப் புரட்டினேன்.

கிடைத்தது, ஆனால் நான் எதிர்பார்த்தபடி அல்ல.

13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, குதிரை வியாபாரத்தைக் கண்டு வாயைப் பிளக்கிறான். ஓர்மஸ், கிஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து வியாபாரிகள் கப்பல் கப்பலாகக் குதிரை கொண்டுவந்து இறக்குகிறார்கள். நாட்டை ஆளும் ஐந்து சகோதரர்களும் ஆளுக்கு 2000 குதிரை வீதம் வருஷந்தோறும் வாங்குகிறார்கள். வருஷக் கடைசியில் ஒவ்வொருவரிடமும் 100 கூட உயிரோடு மிஞ்சுவதில்லை! காரணம்? குதிரையைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் அங்கே இல்லை. இறைச்சியும் சோறும் சேர்த்து வேகவைத்துக் குதிரைக்குப் போடுகிறார்கள். இன்னொரு செய்தியும் சொல்கிறான். குதிரை வைத்தியம் தெரிந்த ஆட்களை இந்தப் பக்கம் வரவிடாமல் வியாபாரிகள் பார்த்துக்கொள்கிறார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த வருஷம் வியாபாரம்?

வஸ்ஸாப் என்ற பாரசீகச் சரித்திராசிரியன் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். கிஷ் தீவின் அதிபதி ஜமாலுத்தீன் வருஷத்துக்கு 1400 குதிரை அனுப்ப ஒப்பந்தம். குதிரை ஒன்றுக்கு 220 பொன் தினார். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: வருஷத்துக்கு 3,08,000 தினார், இந்த ஒரு வியாபாரிக்கு மட்டும். வழியில் கடலில் செத்த குதிரைக்கும் பாண்டியன் பணம் கொடுக்க வேண்டும். வந்த குதிரைகளை முளையடித்துக் கட்டி நாற்பது நாள் அசையவிடாமல் கொழுக்கவைப்பார்களாம். தின்ன வறுத்த தானியமும் நெய்யும், குடிக்கக் காய்ச்சின பசும்பால். பிறகு எந்தப் பழக்கமும் கொடுக்காமல் திடீரென்று சேவகர்கள் மேலேறிப் பிசாசுகள் போல விரட்டுவார்களாம்.

இந்த இருவரையும் அப்படியே நம்பிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் விற்கிறவர்களின் பக்கத்துப் பேச்சைக் கேட்டு எழுதியவர்கள். கூடக் குறைய இருக்கும். ஆனால் அன்று பெரியவர் சொன்ன ஒரு விஷயத்தை இதோடு சேர்த்துப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. குதிரை வாந்தி எடுக்க முடியாத பிராணி. உடம்போ மலை போல, இரைப்பையோ சின்னது. புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுவதும் மேயப் பிறந்தது அது. ஒவ்வாததைத் தின்றால் உள்ளே போனது மேலே வராது, வயிறு முறுக்கிக்கொள்ளும், தரையில் விழுந்து புரளும், விடிவதற்குள் போய்விடும். "லாயத்துலே டிரெய்னருக்குத் தூக்கம் கெடறது பந்தயத்துக்கு முந்தின ராத்திரி இல்லீங்க. எந்தக் குதிரையாவது வயித்தைத் திரும்பித் திரும்பிப் பாத்துச்சுன்னா, அன்னிக்குத்தான்" என்றார். அப்படி வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு எத்தனை ஆயிரம் அரபுக் குதிரைகள் நம் கடற்கரையில் மடிந்தன!

திருவிளையாடல் கதையில் நரிகள் பரிகளாகி மதுரைக்கு வருகின்றன. ராத்திரியில் மறுபடி நரிகளாகி ஓடிப்போகின்றன. பாண்டியனிடம் குதிரை ஒப்படைக்கும்போது கயிறு மாற்றிக் கொடுக்கிறார்கள். கயிறு கை மாறியதும் விற்றவன் பொறுப்பு தீர்ந்தது. பக்திக் கதைதான். ஆனாலும், காலையில் பார்த்தால் லாயத்தில் குதிரை இல்லை என்ற திகில் கவியின் கற்பனையில் மட்டும் பிறந்திருக்குமா என்று எனக்கு ஒரு சந்தேகம்.

என் கதாநாயகனை நான் துரத்திவிட்ட செஞ்சிக்கு இப்போது வருவோம். செஞ்சி என்றால் தேசிங்கு; தேசிங்கு என்றால் குதிரை. தெருக்கூத்திலும் கதைப்பாட்டிலும் நம்மவர் கேட்டு வளர்ந்த கதை அது. டில்லி பாதுஷாவிடம் யாருக்கும் அடங்காத குதிரை ஒன்று இருக்கிறது, பாராசாரி என்று பெயர். அதை அடக்க முடியாமல் தேசிங்கின் தகப்பன் சிறைப்படுகிறான். பிள்ளைப் பிராயத்தைத் தாண்டாத தேசிங்கு டில்லிக்குப் போய், குதிரைமேல் ஏறி, அதை அடக்கி, தகப்பனை மீட்டு, குதிரையையும் பெற்று, மணப்பெண்ணோடு ஊர் திரும்புகிறான். சரித்திரம் இதைவிடச் சிக்கனமானது. தகப்பன் சொரூப்சிங் புந்தேல ராஜபுத்திரன். ஔரங்கசீப்பின் காலத்தில் செஞ்சிக் கோட்டைக்கு அதிகாரியாக வந்தவன். அவன் இறந்ததும் மகன் தேஜ்சிங் கோட்டையை எடுத்துக்கொண்டான். கப்பப் பாக்கி என்று ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கான் படையோடு வந்தான். சில நூறு குதிரை வீரர்களை வைத்துக்கொண்டு பெரிய சேனையோடு மோதிய தேஜ்சிங் 1714-ஆம் வருஷம் அக்டோபர் 3-ஆம் தேதி மாண்டான். வயது இருபத்திரண்டு என்கிறார்கள். அவன் மனைவி ராணிபாய் உடன்கட்டை ஏறினாள்; ராணிப்பேட்டை என்ற பெயர் அவள் நினைவாக வந்தது.

கதைப்பாட்டில் குதிரையை அடக்குகிற இடம் வரும்போது நம் ரத்தம் சூடேறுகிறது. எனக்கும் ஏறியது. ஆனால் பெரியவரிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவர் தலையை ஆட்டிவிட்டு, "அடக்கறது ஒரு நாள் வேலைங்க" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. தேசிங்கின் வீரத்தைக் குறைத்துப் பேச அவருக்கு மனம் இல்லை. அடங்கிய குதிரைக்கு மறுநாள் காலையிலிருந்து தீனித் தொட்டியைப் பார்த்தவன் யார் என்றுதான் அவர் யோசித்திருப்பார்.

இதே சமயத்தில் உலகத்தின் வேறொரு கோடியில் ஒரு சின்னக் காரியம் நடந்தது. தேசிங்கு இறப்பதற்குப் பத்து வருஷம் முன்பு, 1704-இல், சிரியாவின் அலெப்போ நகரத்தில் இருந்த தாமஸ் டார்லி என்ற ஆங்கில வர்த்தகர் ஒரு அரபுக் குதிரையை வாங்கி இங்கிலாந்தில் யார்க்ஷையரில் இருந்த தம் குடும்பத்துக்கு அனுப்பினார். ஒரே ஒரு குதிரை! நாம் ஒரு வருஷத்தில் பல ஆயிரம் வாங்கினோம். ஆனால் அந்த ஒரு குதிரைக்குப் பிறந்தது எது, அதற்குப் பிறந்தது எது என்று எழுதிவைத்தார்கள். அதன் வம்சத்தில் 1764-இல் எக்லிப்ஸ் என்ற குதிரை பிறந்தது. ஓடிய 18 பந்தயங்களிலும் அதை ஒன்றும் முந்தவில்லை. 1791-இல் வெதர்பி என்பவர் குதிரைகளின் வம்சாவளியைப் புத்தகமாகவே அச்சிட்டார். இன்று உலகமெங்கும் ஓடுகிற தரோபிரெட் என்னும் உயர்ஜாதிப் பந்தயக் குதிரைகள் எல்லாம் ஆண் வழியில் கீழ்நாட்டிலிருந்து போன மூன்றே குதிரைகளுக்குப் போய்ச் சேரும். அவற்றில் மிகப் பெரும்பாலானவை டார்லியின் குதிரைக்கு.

மார்க்கோ போலோ இன்னொன்றும் எழுதியிருக்கிறான். பாண்டிய நாட்டில் நல்ல ஆண் குதிரையையும் நல்ல பெண் குதிரையையும் சேர்த்தாலும் கோணல் கால் குட்டிதான் பிறக்குமாம். அவன் பழியைச் சீதோஷ்ணத்தின்மேல் போடுகிறான். நான் சீதோஷ்ணத்தின்மேல் மட்டும் போடமாட்டேன்.

அந்த யார்க்ஷையரிலேயே மால்டன் என்ற ஊரில் 1825-இலிருந்து லாயம் நடத்தினார் ஜான் ஸ்காட். 1794-இல் பிறந்தவர். 'வடக்கத்தி மந்திரவாதி' என்று அவருக்குப் பட்டப்பெயர். தம்பி வில்லியம் ஜாக்கி. செயின்ட் லெஜர் என்ற புகழ்பெற்ற பந்தயத்தை 9 தடவை வென்றவர். ஆனால் அண்ணன் பழக்கிய குதிரைகள் அதே பந்தயத்தை 16 தடவை வென்றன! மூன்று வயதுக் குதிரைகளுக்கென்று இங்கிலாந்தில் வைத்திருக்கும் ஐந்து பெரிய பந்தயங்களைக் கிளாசிக் என்பார்கள். ஸ்காட் வென்றது 40 கிளாசிக். 1853-இல் அவர் பழக்கிய வெஸ்ட் ஆஸ்திரேலியன் என்ற குதிரை ஒரே வருஷத்தில் மூன்று கிளாசிக்குகளை வென்றது. அப்படி வென்ற முதல் குதிரை அதுதான். 1871-இல் ஸ்காட் இறந்தார். அந்த 40-ஐ அயர்லாந்துக்காரர் ஏய்டன் ஓபிரையன் எட்டித் தாண்ட ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. ஜாக்கி முதுகில் இருப்பது சில நிமிஷம். ஜான் ஸ்காட் லாயத்தில் இருந்தது நாற்பத்தைந்து வருஷம். மந்திரம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான் என்று நினைக்கிறேன்.

வட்டம் சுற்றி வருவது போல, அந்த வம்சத்துக் குதிரைகள் வெள்ளைக்காரர்களோடு நம் கடற்கரைக்கே திரும்பி வந்தன. கிண்டியில் 1777-லேயே பந்தயம் ஓடியிருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து ராணுவத்துக்காகக் குதிரைகள் சென்னைக்கு வந்து இறங்கின. வேல்ஸிலிருந்து வந்ததால் 'வேலர்' என்று அவற்றுக்குப் பெயர். 1896-இல் மெட்ராஸ் ரேஸ் கிளப் ஏற்பட்டது. பந்தயத்தால் குடி கெட்ட குடும்பங்களும் ஏற்பட்டன. அதை நான் மறைக்கப் போவதில்லை. கிண்டிக்குப் போன சம்பளக் கவர் காலியாகத் திரும்பிய வீடுகளைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவன் நான். சென்னைவாசிகளுக்குக் குதிரைப் பந்தயம் என்றால் செட்டிநாட்டு எம்.ஏ.எம். ராமசாமியின் பெயர் தெரியும். ஜாக்கிகள் நாலு பேர் பெயரும் தெரியும். டிரெய்னர் பெயரைக் கேட்டால் விழிப்பார்கள்.

1974-இல் தமிழ்நாட்டு அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. வழக்கு நடந்தது. இருபத்திரண்டு வருஷம் கழித்து, 1996 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது: குதிரைப் பந்தயம் சூதாட்டம் அல்ல, பெரும்பாலும் திறமையால் வெல்வது. எந்தத் திறமை? குதிரையின் வம்சமும், அதற்குக் கொடுத்த பழக்கமும், ஜாக்கியின் சாமர்த்தியமும். தீனித் தொட்டியில் கையை விட்டுப் பார்க்கிற மனிதன் கடைசியில் நாட்டின் மிகப் பெரிய கோர்ட்டில் சாட்சியாக வந்து நின்றான் என்று வைத்துக்கொள்ளலாம். ருதுபர்ணன் நளனுக்குச் சூதின் ரகசியத்தைக் கொடுத்து, பதிலுக்குக் குதிரையின் ரகசியத்தைக் கேட்டானே, அந்த இரண்டும் எங்கே தொட்டுக்கொள்கின்றன, எங்கே பிரிகின்றன என்பதுதானே கோர்ட்டின் முன் இருந்த கேள்வியும்? பணம் கட்டுகிறவனுக்கு அது எப்போதும் சூதுதான் என்பது என் சொந்த அபிப்பிராயம். பழக்குகிறவனுக்கு அப்படி அல்ல.

அப்படியும் கிண்டி நிலைக்கவில்லை. பந்தய மைதானம் இருந்த 160 ஏக்கரும் அரசின் நிலம். 1946-இலிருந்து 99 வருஷக் குத்தகை. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை முறித்து இடத்தை எடுத்துக்கொண்டது. நகரத்துக்கு நிலம் வேண்டும், ஏரி குளம் வேண்டும், மக்களுக்குப் பூங்கா வேண்டும். இதில் எந்தக் கட்சி பேசவும் எனக்கு யோக்கியதை இல்லை. பெரியவரும் பேசவில்லை. அவர் கிண்டியை விட்டு ஊர் திரும்பி வெகு காலம் ஆகிவிட்டது. செய்தியைப் பேத்தி படித்துக் காட்டியபோது, "குதிரைங்க எங்கே போச்சாம்?" என்று மட்டும் கேட்டாராம். பத்திரிகையில் அது போட்டிருக்கவில்லை.

உச்சி வெயில் ஏறிவிட்டது. பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்தேன். அவரும் கூட நடந்து வந்தார். அளத்தின் ஓரமாகப் போகும்போது வரப்பிலிருந்து ஒரு கல் உப்பை எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்டினார்.

"குதிரைக்கு வேர்வை ஜாஸ்திங்க. வேர்வையோட உப்பும் போயிடும். தொட்டிப் பக்கத்துலே எப்பவும் உப்புக் கட்டி வெச்சிருக்கணும். நாக்காலே நக்கிக்கிட்டே இருக்கும்" என்றார். லீவில் ஊருக்கு வந்துவிட்டுப் போகும்போதெல்லாம் இங்கிருந்து ஒரு மூட்டை உப்பு கொண்டுபோவாராம். முதல் தடவை கொண்டுபோனபோது டிரெய்னர் ஒரு கல்லை எடுத்துத் தம் வாயில் போட்டுப் பார்த்தார். அப்புறம் குதிரையிடம் நீட்டினார். அடுத்த லீவுக்குக் கிளம்பும்போது, "உப்பு மறந்துடாதே" என்று தாமே நினைவூட்டினாராம். இருபது வருஷத்தில் அவர் தம்மிடம் கேட்டு வாங்கிக்கொண்டது அது ஒன்றுதான் என்று பெரியவர் சொன்னபோது அவர் குரலில் ஒரு பெருமிதம் இருந்தது.

வீட்டுக்கு வந்து அந்த அத்தியாயத்தைத் திருத்தினேன். கதாநாயகன் இப்போது ஒரே ராத்திரியில் போய்த் திரும்புவதில்லை. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் கிடங்கில் கோட்டை இருந்த இடத்தில் இறங்குகிறான். அங்கே சத்திரத்து வாசலில் ஒருவன் கயிற்றை வாங்கிக்கொள்கிறான்; குதிரையை நடக்கவிடுகிறான்; புறங்கையால் அதன் காலைத் தடவிப் பார்க்கிறான்; "இன்னிக்குப் போவாது" என்கிறான். கதாநாயகன் வாளை உருவுகிறான், ராஜகாரியம் என்கிறான், எதற்கும் அவன் மசியவில்லை. கதை ஒரு நாள் தாமதமாகிவிட்டது, எதிரிகள் முந்திக்கொண்டார்கள், இரண்டு அத்தியாயம் அதிகமாக எழுத வேண்டியதாயிற்று.

தொடர்கதை முடிவதற்குள் மரக்காணத்திலிருந்து ஒரு கார்டு வந்தது. பேத்தியின் கையெழுத்து. தாத்தா கேட்கச் சொன்னாராம்: அந்தச் சத்திரத்து ஆளுக்குப் பெயர் வைக்கவில்லையே, ஏன்?